உங்கள் பில்ட் மெஷினில் ஓடினால் போதுமா?

லைப்ரரியைப் பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். புதிய பதிப்புக்கு முதலில் வாழ்த்துகள். வேகம் கூடியிருப்பது உண்மைதான். எங்களிடம் இருக்கும் புதிய கணினிகளில் மேட்ரிக்ஸ் கணக்குகள் பறக்கின்றன. மற்றவற்றில் நிரல் செத்து விழுகிறது. காரணம் உங்களுக்கே தெரியும். வெளியீட்டு ஸ்கிரிப்டில் 'மார்ச்=நேட்டிவ்' என்ற ஃபிளாக் வந்து உட்கார்ந்திருக்கிறது. பில்ட் செய்யும் மெஷினின் பிராசசரில் உள்ள எல்லா வசதிகளையும் பயன்படுத்து என்று கம்பைலருக்குச் சொல்வது அது. பலர் உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டார்கள். எல்லோருக்கும் கிடைத்த பதில் ஒன்றுதான்: "உங்கள் பிராசசர் பழசு." அதனால்தான் பொதுவில் எழுத வேண்டியதாகிவிட்டது.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஊருக்கெல்லாம் கொடுக்கும் பைனரியை எல்லாப் பிராசசரிலும் ஓடும் அடிப்படைத் தளத்துக்கு கம்பைல் செய்யுங்கள். வேகமான பாதை வேண்டுமானால், நிரல் ஓடும்போது பிராசசரைக் கேட்டுவிட்டு அதில் போங்கள்.

எங்கள் கிளஸ்டரில் இருக்கும் கணினிகள் வெவ்வேறு காலத்தில் வாங்கியவை. எது காலியாக இருக்கிறதோ அதற்கு வேலை போகும். உங்கள் புதிய பதிப்பு வந்த பிறகு, அதே நிரல், அதே உள்ளீடு, ஒரு நாள் ஓடுகிறது, மறுநாள் ஓடுவதில்லை. தொடங்கியதுமே செத்தால் அது அதிர்ஷ்டம். ஏவிஎக்ஸ் என்பது பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிடும் பிராசசர் வசதி; ஏவிஎக்ஸ்2, ஏவிஎக்ஸ்-512 அதன் அடுத்தடுத்த நிலைகள். சில கணினிகளில் ஏவிஎக்ஸ்2 இருக்கிறது, ஏவிஎக்ஸ்-512 இல்லை. அவற்றில் இரவெல்லாம் ஒழுங்காக ஓடிவிட்டு, முடிவைத் திரட்டும் கடைசிக் கட்டத்தில் ஒரு லூப்புக்குள் நுழைந்ததும் நின்றுவிடுகிறது. மிச்சம் இருப்பது 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்ற இரண்டே சொற்கள். எந்தக் கோப்பு, எந்த வரி, எதுவும் கிடையாது.

இதில் மாட்டிக்கொண்டவர் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவி. ஒரு நாள் ஓடி மறுநாள் சாகும் நிரலைப் பார்த்தால் யாருக்கும் முதலில் தன் நிரலின் மீதுதான் சந்தேகம் வரும். மெமரியை எங்கோ கெடுத்துவிட்டோம் என்று நினைத்துத் தன் குறிமுறையை வரிவரியாகத் துருவினார். நன்றாக இருந்த பகுதிகளையும் மாற்றி எழுதினார். கடைசியில் டீபக்கரில் நின்ற இடத்தின் கட்டளையை எடுத்துப் பார்த்தபோதுதான் ஏவிஎக்ஸ்-512-க்கே உரிய, 'இசட்எம்எம்' என்று தொடங்கும் ரெஜிஸ்டர் பெயர் கண்ணில் பட்டது. அவர் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. அது உங்களுடையது. அந்தச் சமயத்தில் அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இன்னொன்றும் கவனித்தோம். இதற்கு முந்தைய சின்னப் பதிப்பு எல்லா இடத்திலும் ஓடியது. இரண்டுக்கும் நடுவில் சோர்ஸில் பெரிதாக எதுவும் மாறவில்லை. நீங்கள் வாடகை மெஷினில் பில்ட் செய்கிறீர்கள் என்றால், அன்றைக்கு எந்த மெஷின் கிடைத்ததோ அதன் பிராசசர்தான் எங்கள் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. வெளியீடு என்பது குலுக்கல் சீட்டாக இருக்கலாமா?

"பழசு" என்ற பதிலுக்கும் வருகிறேன். இன்டெல் ஏவிஎக்ஸ்2-ஐ ஹாஸ்வெல்லில் 2013-இல் கொண்டுவந்தது. அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் பென்டியம், செலரான் பெயர்களில் வந்த பல பிராசசர்களில் ஏவிஎக்ஸே இல்லை. ஏவிஎக்ஸ்-512 கதை இன்னும் வேடிக்கை. 2021-இன் தொடக்கத்தில் வந்த ராக்கெட் லேக்கில் அது இருந்தது. அதே ஆண்டின் கடைசியில் வந்த ஆல்டர் லேக்கில் இன்டெல்லே அதை ஆதரிக்கவில்லை. புதியதை வாங்கினால் தீர்ந்துவிடும் என்று யாரிடம் சொல்கிறீர்கள்? விர்ச்சுவல் மெஷினில் ஓட்டுபவர்கள் பாடு வேறு. ஓடிக்கொண்டிருப்பதை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்த வசதியாக, விர்ச்சுவல் மெஷின்களை நடத்தும் ஹைப்பர்வைசரே சில வசதிகளை மறைத்து வைக்கும். கீழே இருக்கும் பிராசசர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் பயனில்லை.

மேம்பாட்டுக் கிளையில் நீங்கள் ஒரு திருத்தம் போட்டிருப்பதையும் பார்த்தேன். ஏவிஎக்ஸ்2 கோப்புகளை மட்டும் தனி ஃபிளாக்கில் கம்பைல் செய்து, உள்ளே நுழையும் முன் பிராசசரைச் சோதிக்கிறீர்கள். நல்ல தொடக்கம். ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. அந்தக் கோப்புகள் உங்கள் பொது ஹெடர்களை இழுக்கின்றன. ஹெடரில் உள்ள டெம்ப்ளேட்டுகளுக்கும் இன்லைன் ஃபங்ஷன்களுக்கும் ஏவிஎக்ஸ்2 கலந்த பிரதி ஒன்று அங்கே உருவாகும், சாதாரணக் கோப்புகளில் சாதாரணப் பிரதி உருவாகும். கம்பைல் செய்த கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வீசிவிடும். எதை வைத்துக்கொள்ளும் என்பது பெரும்பாலும் கோப்புகள் வரும் வரிசையைப் பொறுத்தது. ஏவிஎக்ஸ்2 பிரதி மிஞ்சினால், சோதனை சரியாக வேலை செய்து சாதாரணப் பாதைக்கு அனுப்பிய பிறகும் அங்கே அந்தக் கட்டளை காத்திருக்கும். சோதனை இருக்கிறதே, அப்புறம் எப்படிச் சாகிறது என்று நீங்களே தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். அந்தக் கோப்புகளில் பொது டெம்ப்ளேட்டுகளைத் தொடாதீர்கள், தேவையானதைப் பெயரில்லா நேம்ஸ்பேஸுக்குள் வையுங்கள். அல்லது சூடான சில ஃபங்ஷன்களுக்கு மட்டும் 'டார்கெட்_குளோன்ஸ்' போடுங்கள். ஜிசிசி கம்பைலரில் 6-ஆம் பதிப்பிலிருந்தே அது இருக்கிறது. ஃபங்ஷனின் பல பிரதிகளை உருவாக்கி, எதை ஓட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் வேலையையும் கம்பைலரே பார்த்துக்கொள்ளும்.

சோர்ஸிலிருந்து பில்ட் செய்பவர்களுக்கும் அதே ஃபிளாக்கைத்தான் இயல்பாக வைத்திருக்கிறீர்கள். அதனால் விடையே மாறுகிறது. எஃப்எம்ஏ என்ற வசதி இருக்கும் பிராசசரில் ஜிசிசி பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக்கிவிடும். இரண்டு முறை நடக்க வேண்டிய முழுமையாக்கல் (ரவுண்டிங்) ஒரு முறைதான் நடக்கும். கடைசி இலக்கங்கள் மாறும். துல்லியம் கூடத்தான் செய்கிறது என்பீர்கள். இருக்கலாம். ஆனால் இரண்டு கணினிகளில் பில்ட் செய்த ஒரே சோர்ஸ் இரண்டு விடை தரும்போது, கட்டுரையில் எதைப் போடுவது?

பொதுவாகவே நம் துறைக்கு இந்த நோய் பிடித்துவிட்டது. எழுதுபவரின் மேஜையில் இருப்பதுதான் உலகத்தில் இருக்கும் ஒரே கணினி. பத்து சதவீத வேகத்துக்காகப் பழைய கணினிகளை மொத்தமாகக் கைவிடுவது சாதனை, கைவிடப்பட்டவர் கேள்வி கேட்டால் அது முன்னேற்றத்துக்குத் தடை. உங்கள் அறிவிப்பில் அழகான ஒரு வேக வரைபடம் இருக்கிறது. எங்கள் பாதிக் கணினிகளுக்கும் அதில் ஒரு பட்டை வரைந்திருக்கலாம். அதிக மையும் செலவாகாது, உயரம் பூஜ்யம்தானே!

மன்னிக்கவும், விஷயத்துக்கு வருகிறேன். பழைய பிராசசர்களை என்றைக்கும் சுமக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ரெட் ஹேட் தன் லினக்ஸின் 9-ஆம் பதிப்பில் எக்ஸ்86-64-வி2 என்ற பிராசசர் வசதி நிலை வேண்டும் என்றது, 10-இல் வி3 வேண்டும் என்றது. இரண்டையும் முன்கூட்டியே சொன்னது. 2018-இல் இயந்திரக் கற்றல் லைப்ரரியான டென்சர்ஃப்ளோ 1.6 தன் பைனரிகளை ஏவிஎக்ஸுக்கு மாற்றியபோது பலருக்கு வலித்தது. ஆனால் அது வெளியீட்டுக் குறிப்பில் எழுதியிருந்தது. இந்த வி2, வி3, வி4 நிலைகள் ஜிசிசி 11, கிளாங் 12 முதல் கம்பைலரிலேயே இருக்கின்றன. ஒவ்வொரு நிலைக்கும் தனிப் பிரதியைத் தனி டைரக்டரியில் வைத்தால், லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி 2.33 முதல், நிரலுக்கு வேண்டிய லைப்ரரிகளை ஏற்றும் லோடரே பொருத்தமானதை எடுத்துக்கொள்ளும். எல்லாம் தயாராக இருக்கிறது, பயன்படுத்தினால் போதும்.

ஆகவே மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்: பொதுப் பைனரியை அடிப்படைத் தளத்துக்கு கம்பைல் செய்யுங்கள், நேட்டிவ் ஃபிளாக்கை விரும்புபவர் தாமே போட்டுக்கொள்ளட்டும். அதற்கு நேரம் பிடிக்கும் என்றால், அதுவரை முந்தைய பதிப்பைப் பதிவிறக்கப் பக்கத்தில் திரும்ப வையுங்கள். இப்போதைய பதிப்பில், தொடங்கும்போதே பிராசசரைச் சோதித்து, இன்ன வசதி இல்லை என்று ஒரு வாக்கியம் அச்சிட்டுவிட்டு வெளியேறச் செய்யுங்கள். தயவுசெய்து அந்தச் சோதனை இருக்கும் கோப்பையும் நேட்டிவ்வில் கம்பைல் செய்துவிடாதீர்கள். வாக்கியம் அச்சாகும் முன்பே அதுவும் செத்துவிடும்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் லைப்ரரியை விடாத ஒரு பயனர்