ஆண்டறிக்கை 2024: அழையா விருந்தாளிகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

வீட்டில் பவளத்தொட்டி வளர்க்கும் சிங்கப்பூர்த் தமிழர்களாகிய நாம் இப்போது 29 பேர் இருக்கிறோம். இந்த ஆண்டில் பத்து முறை சமூக மன்ற அறையில் கூடினோம். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறன்று கூட்டம் வைத்தது என் தவறு. வந்தவர்கள் மூவர், அதிலும் ஒருவர் முறுக்குக் கொடுத்துவிட்டுப் போக வந்தவர். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். நம் நேரத்தையெல்லாம் தின்ற விஷயத்துக்கு நேராக வருகிறேன்.

சென்ற பொதுக்கூட்டத் தீர்மானப்படி, ஜனவரியில் ‘அழையா விருந்தாளிகள் பதிவேடு’ தொடங்கினோம். நம்மில் பலரது தொட்டியில் இருப்பது இந்தோனேசியக் கடலிலிருந்து வந்த உயிர்ப்பாறை, அதாவது சிற்றுயிர்கள் குடியிருக்கும் பவளக்கல். அந்தக் கல்லின் ஒவ்வொரு பொந்திலும் யாரோ குடியிருக்கிறார்கள். தொட்டியில் இறக்கி மூன்று வாரமோ மூன்று மாதமோ கழித்து, விளக்கு அணைந்தபின் ஒன்று தலையை நீட்டும். உடனே எனக்குச் செய்தி வரும்: “செயலாளரே, இது என்ன? கொன்றுவிடட்டுமா?” நேரம் நள்ளிரவாக இருக்கும். படம் முழுக்க நீலமாக இருக்கும்.

நீல விளக்கை அணைத்து வெள்ளை விளக்கைப் போட்டுப் படம் எடுங்கள் என்று ஐந்து கூட்டங்களில் சொல்லிவிட்டேன். கண்ணாடியில் ஒரு பத்துக் காசை ஒட்டிவைத்தால் அளவும் தெரிந்துவிடும். “பாம்பு மாதிரி இருக்கிறது” என்று வந்த ஒன்று, காசோடு பார்த்தபோது அரிசி நீளம்கூட இல்லை.

பதிவேட்டில் அதிகம் இடம்பிடித்தவை சுணைப்புழுக்கள். இளஞ்சிவப்பு உடல், இருபுறமும் வெள்ளை மயிர். கம்பளிப்பூச்சியைக் கண்டால் பதறும் நமக்கு இதைக் கண்டாலும் பதற்றம் வருவது இயல்புதான். ஆனால் மீன் தின்னாமல் விட்ட இரையையும் செத்துக் கிடப்பதையும் தின்று தொட்டியைக் கூட்டிப் பெருக்குவது இதுதான். அங் மோ கியோ உறுப்பினர் ஒருவர் ஒரு வாரம் உட்கார்ந்து இடுக்கியால் ஐம்பது புழுக்களைப் பிடித்து எறிந்தார். அடுத்த மாதம் அவர் தொட்டியில் கழிவிலிருந்து வரும் நைட்ரேட் ஏறியது, பாசி பிடித்தது. வெறுங்கையால் தொட்டதில் சுணை ஏறிய விரலில் ஒட்டுநாடாவை ஒட்டி ஒட்டி உரித்ததுதான் மிச்சம். பலரும் அஞ்சும் ‘ஹெர்மோடிசி’ என்ற பவளந்தின்னி நெருப்புப்புழு அட்லாண்டிக்கையும் மத்தியதரைக் கடலையும் சேர்ந்தது. அதற்குச் சுணைக்கற்றைகளின் அடியில் மரம்போல் கிளைத்த செவுள்கள் தெளிவாகத் தெரியும். அப்படி ஒன்று இதுவரை பதிவேட்டுக்கு வரவில்லை.

சந்தேகப்பட வேண்டிய புழுவும் உண்டு. தலையில் ஐந்து உணர்கொம்புகள், சோப்புக் குமிழிபோல் நிறம் மாறி மினுங்கும் உடல், விளக்கடித்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் உள்ளிழுத்துக்கொள்ளும் வேகம். இது யூனிசிட் குடும்பம். 2009இல் இங்கிலாந்தின் நியூகீ நகரக் கடற்காட்சியகத்தில் பவளங்கள் வெட்டுப்பட்டுக் கிடந்ததற்குக் காரணம் தேடித் தொட்டியையே பிரித்தபோது, ஒரு மீட்டருக்கும் நீளமான ஒன்று வெளியே வந்தது. இந்தக் குடும்பத்திலும் பல சிறியவை சாதுவானவை என்பதால், பெயர் தெரியும்வரை கை வைக்காதீர்கள்.

இந்த ஆண்டின் பெரிய வழக்கு ஈசூன் உறுப்பினர் ஒருவர் வீட்டில். இரவில் தொட்டியிலிருந்து ‘டக், டக்’ என்று ஒரு சத்தம். வாரத்துக்கு இரண்டு நத்தைகள் காலி. மான்டிஸ் இறால்தான் என்று கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்ப்பாயிற்று, நானும் கை தூக்கினேன். கும்பிடுபூச்சிபோல் முன்கை மடித்து நிற்கும் அந்த இறாலின் அடி நொடிக்கு 23 மீட்டர் வேகம் வரை அளக்கப்பட்டிருக்கிறது. கண்ணாடி போய்விடுமோ என்ற பயம் வீட்டுக்காரருக்கு. டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் சுற்றிக்கொண்டு தலைவரும் நானும் அவர் வீட்டில் இரவு ஒரு மணிவரை காத்திருந்தோம். சிவப்பு ஒளி இந்த உயிர்களில் பலவற்றுக்கு உறைப்பதில்லை. அந்த வீட்டு அண்ணி மூன்று முறை தேநீர் போட்டுத் தந்தார்கள்.

சத்தம் வந்த கல்லைத் தூக்கி வாளிக்கு மேல் பிடித்து, பொந்துக்குள் ஊசிக்குழலால் சோடாத் தண்ணீரைச் செலுத்தினோம். மூன்றாவது முறை பீச்சியதும் வாளியில் ‘தொப்’பென்று விழுந்தது ஒரு துப்பாக்கி இறால். ஒரு கொடுக்கு மற்றதைவிடப் பல மடங்கு பெரிது. சொடுக்கும்போது குமிழி உண்டாகி உடைவதுதான் அந்த ‘டக்’. நத்தையை ஓட்டோடு உடைத்துத் தின்கிற வழக்கம் பொதுவாக அதற்கு இல்லை.

அப்போதுதான் தலைவர் காலி ஓடுகளைக் கேட்டார். அதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். அடித்து நொறுக்கிய அடையாளம் எதிலும் இல்லை. ஓட்டின் வாய் விளிம்பு மட்டும் அப்பளத்தைக் கடித்ததுபோல் சிறுகச் சிறுகச் சில்லெடுக்கப்பட்டிருந்தது. அது நண்டின் வேலை. உயரமான கண்ணாடித் தம்ளரில் ஓர் இறால் துண்டைப் போட்டுப் பாறையில் சாய்த்து வைத்தோம். ஏறி இறங்கிய நண்டுக்கு வழுக்குச் சுவரில் திரும்ப ஏற முடியவில்லை. காலையில் பார்த்தால், உடம்பெல்லாம் மயிரும் கறுத்த கொடுக்கு நுனியுமாக உள்ளே உட்கார்ந்திருந்தது. இப்போது அது சம்ப்பில், அதாவது தொட்டிக்குக் கீழே நீரை வடிகட்டும் துணைத்தொட்டியில், ஆயுள் தண்டனை அனுபவிக்கிறது. துப்பாக்கி இறாலைப் பழைய பொந்திலேயே விட்டுவிட்டோம்.

ஐப்டேசியா பற்றி என் சொந்த வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இரண்டே இரண்டு சிறு கடல்சாமந்திகள், பழுப்பாக, பனைமரம்போல். பிளேடால் சுரண்டினேன். அறுந்த துணுக்கு ஒவ்வொன்றும் தனி உயிராக முளைத்து, சித்திரைக்குள் எண்ண முடியாமல் போயிற்று. பெர்கியா என்னும் கடல் நத்தை அதை மட்டுமே தின்னும். தீர்ந்ததும் பட்டினி கிடக்கும். ஆகவே ஒரு வீட்டில் முடிந்ததும் அடுத்த வீட்டுக்கு அனுப்பினோம். ஆஸ்டெரினா என்ற குட்டி நட்சத்திரமீன்களைத் தின்ன வந்த ஹார்லெக்வின் இறாலும் இப்படியே நான்கு வீடுகளில் விருந்துண்டது. ஆஸ்டெரினாவை அழிக்கத்தான் வேண்டுமா என்பதில் சங்கம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பாசியைத்தான் தின்கிறது என்பவர்களோடு நான் இருக்கிறேன். எதிர்த்தரப்பு வாதமும் பதிவேட்டில் இருக்கிறது.

கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று. வேண்டாத உயிரைக் கொல்லக் கல்லைக் கொதிநீரில் போடும் யோசனை ஆகஸ்ட் கூட்டத்தில் வந்தது. செய்யாதீர்கள். கல்லில் பாலிதோவா என்ற பவளம் போன்ற உயிர் ஒட்டியிருந்தால் அதன் பாலிடாக்சின் நஞ்சு ஆவியோடு மூச்சில் ஏறும். இப்படி வீட்டோடு மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. நம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளின் சமையலறை எவ்வளவு பெரிது என்பது உங்களுக்கே தெரியும்.

பிடித்ததைக் கடலில் விடலாமா என்ற கேள்விக்கும் பதில் அதேதான். வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பாவம் பார்த்து ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் எடுத்துச் செல்ல வேண்டாம். வைத்துக்கொள்ள இடமில்லாதவர்கள் என்னிடம் கொடுங்கள். என் சம்ப்பில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது.

லீ கொங் சியன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்கு ஜூனில் சென்று வந்தோம். பிள்ளைகள் டைனோசரைப் பார்த்தார்கள், நாம் நண்டுகளைப் பார்த்தோம்.

கடைசியாக ஒரு கோரிக்கை. சங்கத்தின் பூதக்கண்ணாடி மார்ச் மாதத்திலிருந்து காணவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கியவர் பெயர்மேல் காபி கொட்டியிருப்பதால் படிக்க முடியவில்லை. வைத்திருப்பவர் தேநீர் இடைவேளையில் மேசைமேல் வைத்துவிட்டால் போதும், யாரும் எதுவும் கேட்கமாட்டோம்.

இப்படிக்கு,
செயலாளர்