தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகம். மாரிமழைக் காலபோக அறுவடை முடிந்து நெல் சாக்கில் கட்டிக் கிடக்கிறது. விலைதான் இன்னும் சரிவரவில்லை. வாட்சப்பில் பேசி அனுப்பலாம் என்றால் பாதியில் அம்மா போனைப் பிடுங்கிவிடுவாள். அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. வருட முடிவோடு உன் ஆராய்ச்சி வேலை ஒப்பந்தம் முடிகிறது. பார்க்கிற வேலை விளம்பரம் எல்லாவற்றிலும் 'மூலோபாயச் சிந்தனை வேண்டும்' (ஸ்ட்ராட்டஜி என்கிறார்களே, அது) என்று போட்டிருக்கிறார்கள். "எனக்கு நெல்லில் வருகிற எரிபந்த நோயின் பூஞ்சையைத் தவிர என்னப்பா தெரியும்" என்றாய்.

மூலோபாயம் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது ஒரு கருத்தரங்கில். வந்தவர் திரையில் நிறைய அம்புக்குறி காட்டினார். மதியம் சோற்றுப் பார்சல் தந்தார்கள். வேறொன்றும் ஞாபகம் இல்லை. ஆனால் அந்த விஷயம் நமக்குப் புதிது இல்லை, பிள்ளை. கோடையில் செய்கிற சிறுபோகத்துக்கு முன்னால் இரணைமடுக் குளத்துக்குக் கீழ் விதைக்கிற நாங்கள் எல்லோரும் கூட்டத்தில் இருந்து செய்வது அதைத்தான். குளம் நிறைந்தால் 36 அடி. இன்றைக்கு எத்தனை அடி நிற்கிறது, வெயில் எவ்வளவு குடிக்கும், மிச்சத்தில் எத்தனை ஏக்கர் விளையும்? விதைக்க ஆசைப்படுகிற ஏக்கர் ஒன்று, தண்ணீர் தாங்குகிற ஏக்கர் வேறொன்று. சண்டை முழுக்க அந்த இடைவெளியில்தான்.

எந்த நெல் இனத்தை விதைப்பது என்று தெரிவு செய்கிறபோதும் அப்படித்தான். விளைய ஏ.ரி. 362 மூன்றரை மாதம், பீ.ஜி. 300 மூன்று மாதம், பீ.ஜி. 250 இரண்டரை மாதம். புதிதாகக் கமம் செய்ய வருகிறவன் எது கூடுதலாக விளையும் என்று கேட்பான். பழையவன் கடைசித் தண்ணீர் எந்தக் கிழமை கிடைக்கும் என்று கேட்டு, அங்கிருந்து பின்னோக்கி நாளை எண்ணிக்கொண்டு வருவான்.

நான் பழையவன்தான். ஆனாலும் 2021இல் பிழை விட்டேன். மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். எப்படியும் யூரியா வந்துவிடும் என்று நம்பி அந்தக் காலபோகத்துக்கு மூன்று ஏக்கரையும் விதைத்தேன். நவம்பரில் தடையை எடுத்தார்கள். என் பயிருக்கு வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு கைக்கு வரவில்லை. வயல் மஞ்சளாக நின்றது. ஒரு ஏக்கரை மட்டும் விதைத்து, இருந்த மாட்டெருவையெல்லாம் அதில் போட்டிருந்தால் சாப்பாட்டு நெல்லாவது மிஞ்சியிருக்கும். உழுத செலவை நினைத்து நிறுத்த மனம் வரவில்லை.

நீ நிறுத்தினாய். ஆராய்ச்சியின் இரண்டாம் வருடம் எட்டு மாதம் பாடுபட்ட பரிசோதனையில், நோய் ஏற்றாமல் ஒப்பீட்டுக்கு வைத்திருந்த செடிகளிலும் அதே மாற்றம் தெரிந்தது என்று அழுதாயே, ஞாபகம் இருக்கிறதா? இன்னும் ஒரு தடவை செய்து பார்க்கிறேன் என்று அதையே கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. எத்தனை மாதம் மிச்சம், எவ்வளவு காசு மிச்சம், எந்த விதை கையில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு பேராசிரியரிடம் போனாய். சின்னக் கேள்வியாக ஒன்றைப் பிடித்து அடுத்த வருடமே முடிவைக் காட்டினாய். அந்த எட்டு மாதத்தை விண்ணப்பத்தில் மறைத்துவிட்டேன் என்கிறாய். எனக்கென்றால் அதைத்தான் முதலில் எழுதச் சொல்லத் தோன்றுகிறது. எந்தெந்த மெஷின் ஓட்டத் தெரியும் என்ற பட்டியலைக் கீழே போடு. மருந்துப் பரிசோதனைகளைத் திட்டமிடுகிற இடமோ, காப்புரிமை அலுவலகமோ, விதைக் கொம்பனியோ, எதை விட்டாய், ஏன் விட்டாய், விட்டதால் என்ன மிஞ்சியது என்பதைத்தான் அவர்கள் அறிய விரும்புவார்கள். (யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது லாண்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரத்தின் பெட்டியில் எதை ஏற்றுவது, எதை விடுவது என்று அம்மா பார்த்த கணக்கும் உனக்குத் தெரியும். அதை எழுதி உன்னை அழவைக்கவில்லை.)

ஒன்று மட்டும். கணக்குப் போடத் தெரியும் என்பதற்காக எந்த வயலிலும் உடனே இறங்கிவிட முடியாது. உன் சித்தப்பா கலியாணம் செய்து மன்னாருக்குப் போய்க் கட்டுக்கரைக்குளத்துக்குக் கீழ் விதைத்தார். நம்மிடம் பழகிய கையல்லவா, முதல் வருடம் தலைக்கு மேலே வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குளத்துக்கு அருவியாற்றிலிருந்து தண்ணீர் வருகிறது. ஆறு வருவது அனுராதபுரப் பக்கத்திலிருந்து. அங்குள்ளவர்கள் அந்தப் பக்க மழையை விசாரிப்பார்கள். இவர் விசாரிக்கவில்லை. அடுத்த வருடம் பக்கத்து வயல்காரரிடம் போய் 'உங்கட குளத்துக்கு எங்கிருந்து தண்ணி வருது' என்று கேட்டார். இன்றைக்கு அங்கே அவரிடம்தான் மற்றவர்கள் யோசனை கேட்கிறார்கள்.

வெங்கட்ராமன் இராமகிருஷ்ணனை நினைத்துக்கொள். 2009 அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தபோது நாங்கள் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில். பருப்புச் சுற்றி வந்த பேப்பரில்தான் அந்தச் செய்தியைப் படித்தேன். சிதம்பரத்தில் பிறந்தவர், 1976இல் பௌதிகத்தில் கலாநிதிப் பட்டம் எடுத்தவர். எடுத்த பிறகு உயிரியல் படிக்க மறுபடி மாணவர்களோடு போய் இருந்தார். பரிசு கிடைத்ததோ இரசாயனவியலுக்கு! 1999இல் அமெரிக்காவை விட்டுக் கேம்பிரிட்ஜுக்குப் போனபோது சம்பளம் குறைந்தது. உயிரணுவில் புரதம் செய்கிற ரைபோசோமின் அமைப்பைக் கண்டுபிடிக்க வருடக்கணக்காகும், அவ்வளவு காலம் பொறுத்துக் காசு தருகிற இடம் அது என்று பார்த்திருக்கிறார். அவரும் தண்ணீரை எண்ணித்தான் விதைத்திருக்கிறார். பட்டம் எடுத்த பிறகு திரும்ப வகுப்பு வாங்கில் போய் இருக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? உனக்கும் முதல் ஆறு மாதம் கூச்சமாகத்தான் இருக்கும்.

நீ போடுகிற அந்த மூன்று விண்ணப்பத்தில் விதைக் கொம்பனிக்கானதை மட்டும் தமிழில் பேசி எனக்கு அனுப்பு. எட்டு மாதக் கதையும் அதில் வரவேண்டும். எனக்கு விளங்காத இடத்தில் நிறுத்தி எழுதி அனுப்புகிறேன்.

பத்து மணிக்குக் கூட்டம். இந்த முறை எனக்கு ஒன்றரை ஏக்கர் கிடைத்தாலே பெரிது. மிளகாய்த்தூள் வந்து சேர்ந்ததா என்று அம்மா மூன்று தரம் கேட்டுவிட்டாள். அதற்கு முதலில் பதில் போடு.

அன்புடன்,
அப்பா