அந்த ஒரு பீரியடை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

பள்ளிக்கல்வித் துறை உயர் அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பாடம் நடத்துகிறவன் நான். வாரம் ஒரு நீதிபோதனை பீரியடைக் காப்பாற்றித் தரும்படி கேட்டு எழுதுகிறேன். போன வாரம் எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், பக்கத்தில் இருந்தவன் உள்ளங்கையில் காம்பஸ் முனையை இறக்கிவிட்டான். பெஞ்சில் ஓரமாக யார் உட்காருவது என்று ஆரம்பித்த சண்டை, யார் எந்தத் தெரு என்பதில் போய் நின்றது. இரண்டு வீட்டு ஆட்களும் வந்தார்கள், எழுதி வாங்கினோம், குத்தியவனை ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பினோம்.

நாங்குநேரியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை வாரம் ஒரு பீரியட் அறநெறிக்கு என்று அதில் இருக்கிறது. எங்கள் பள்ளி வாசல் வரை வந்து சேர்ந்தது கையில் சாதிக் கயிறு கூடாது என்பது மட்டும்தான்.

அந்தக் கயிற்றை அறுப்பது என் வேலை. காலையில் கத்தரிக்கோலோடு கேட்டில் நிற்பேன். பையன்கள் கையை நீட்டுவார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள். இன்று அறுத்த கயிறு நாளைக்கு சைக்கிள் ஹேண்டில்பாரில் இருக்கும். ஒருநாள் ஒரு பையனின் மாமா வந்து, "கோயில் கயித்த அறுத்துட்டியளே சார், நீங்க எந்த ஊரு?" என்றார். அது என்ன கேள்வி என்று இந்தப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். எத்தனையோ கயிறு அறுத்தாயிற்று, இதை ஏன்டா கட்டினாய் என்று ஒருவனிடமாவது உட்கார்ந்து பேச எனக்கு நேரம் கிடைத்ததில்லை.

கால அட்டவணையில் நீதிபோதனை என்று ஒரு கட்டம் இருக்கத்தான் செய்கிறது, போர்ஷன் முடிக்க கணக்கு சார் எடுத்துக்கொள்வார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, ரிசல்ட் குறைந்தால் விளக்கம் கேட்பது நீங்கள்தானே.

நான் கேட்பது அந்த ஒரு பீரியடைத்தான். குறள் ஒப்பிக்க வைப்பதற்கு அல்ல. கோபம் தலைக்கேறினால் என்ன செய்வது, அடித்தவனும் அடிபட்டவனும் எதிரெதிரே உட்கார்ந்து எப்படிப் பேசுவது, ஊரில் தெரு ஏன் இரண்டாக இருக்கிறது என்று பேசுவதற்கு. இதெல்லாம் எங்களுக்கே தெரியாது, நாங்களும் ஏதோ ஒரு தெருவிலிருந்துதான் வருகிறோம், அதனால் முதலில் எங்களுக்குப் பயிற்சி வேண்டும். பயிற்சி என்றதும் ஒரு மணி நேர ஆன்லைன் கூட்டம், ஓர் உறுதிமொழி, பிள்ளைகள் கையை நீட்டி நிற்கிற போட்டோவை மாலை ஐந்துக்குள் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்று என்று ஆரம்பித்துவிடாதீர்கள். பிள்ளைகள் குறைகளை எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டியும் வைத்தோம், அதன் சாவி எங்கே என்று இப்போது யாருக்கும் தெரியாது.

ஆற்றாமையில் கொஞ்சம் அதிகமாக எழுதிவிட்டேன், மன்னியுங்கள். அடுத்த அட்டவணை போடுவதற்குள் அந்த ஒரு பீரியடை வேறு பாடத்துக்கு எடுக்கக் கூடாது என்று ஓர் ஆணை மட்டும் போட்டுக் கொடுங்கள். திங்கட்கிழமை அந்தப் பையன் திரும்பி வருகிறான், எந்தப் பெஞ்சில் உட்கார வைப்பது என்று நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர்