ஏரி வீடும் அதன் கரையும்

அன்புள்ள செல்வா,

உன் அம்மாவின் முழங்கால் தேறிவிட்டது என்று படித்ததும் நிம்மதி. நீ வாங்கப்போகும் ஏரி வீட்டின் படங்களையும் பார்த்தேன். பதினோரு படத்திலும் தண்ணீர்தான்! கரையை ஒரு படமாவது எடுத்திருக்கலாம்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இந்த வீட்டை வாங்கியபோது எனக்கும் படகும் மீனும்தான் கண்ணில் பட்டன. ஏரியில் பங்கு என்றால் அதைத் தாங்கும் மண் அணையிலும் பங்கு, அது உடைந்தால் வரும் வழக்கிலும் பங்கு என்று பிறகுதான் வக்கீல் சொன்னார். வீட்டு இன்சூரன்ஸ்காரர் இது எங்கள் பாலிசியில் சேராது என்று கையை விரித்துவிட்டார்.

போன மாதம் ஓர் இன்ஜினியரோடு அந்த அணைக் கரை முழுக்க நடந்தோம். நான் அழகு என்று நினைத்திருந்த பைன் மரங்களைப் பார்த்துத்தான் அவர் முதலில் முகம் சுளித்தார், மரம் பட்டுப்போய் வேர் மக்கினால் அந்தப் பொந்து வழியே தண்ணீர் ஓடுமாம். சரி, வெட்டிவிடலாமே என்றேன். வெட்டினாலும் வேர் உள்ளேதானே மக்கும் என்றார். அப்புறம் வெளிச்சரிவின் அடியில் சொதசொதவென்று இருந்த இடத்தில் கசிவை ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். தெளிவாக இருந்தது. கலங்கலாக வந்தால் கரை மண்ணும் கூடவே போகிறது, உடனே ஏரியை வடிக்கத் தொடங்க வேண்டும் என்றார். வடிக்கும் வால்வைத் திருகினோம், துருவேறி அசையவே இல்லை.

இதே மாநிலத்தில் டொக்கோவாவில் கெல்லி பார்ன்ஸ் அணை 1977 நவம்பர் 6 அன்று நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு உடைந்து, கீழே கல்லூரி வளாகத்தில் 39 பேர் செத்துப்போனார்கள். 1957-இல் மின்சாரம் எடுப்பதை நிறுத்திய பிறகு அதுவும் வெறும் பொழுதுபோக்கு ஏரிதான். மறு வருடமே அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது: 25 அடி உயரம் அல்லது 100 ஏக்கர்-அடி (ஓர் ஏக்கரில் ஓர் அடி ஆழத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி) கொள்ளளவு இருந்தால் அதில் மாட்டுவோம். இதில் ஒரு கூத்து, உன் அணை எந்த ஆபத்து வகையில் வரும் என்பது கீழே யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. எவரோ புதிதாக வீடு கட்டினால், உபரி நீர் வழியும் கலிங்கை அகலப்படுத்தும் செலவு நம் தலையில்.

எங்கள் கரைக்குக் கீழே மாடு மேய்ந்த நிலத்தில் போன வாரம் குச்சி நட்டு, ரிப்பன் கட்டி அளந்துகொண்டிருந்தார்கள். நீ முன்பணம் கொடுக்குமுன் ஓடையோடு ஒரு மைல் இறங்கி நடந்து பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
ரவி