சுவிட்ச் செய்த வேலையை டிஜேவுக்குக் கொடுத்துவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராப்-ராக் இசை பற்றித் தங்கள் இசைப் பக்கத்தில் வந்த கட்டுரையில் ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் என்ற அமெரிக்கக் குழுவின் இரண்டாவது ஆல்பமான ‘ஈவில் எம்பயர்’ சில வரிகளிலேயே முடிந்துபோனது. முதல் ஆல்பத்தின் மங்கலான நகல் என்பது அதில் ஒரு வரி. ‘புல்ஸ் ஆன் பரேட்’ பாட்டின் நடுவே டிஜே ஒருவர் இசைத்தட்டைத் தேய்க்கிறார் என்பது இன்னொரு வரி. முன்னது கருத்து, அதோடு வாதாடலாம். பின்னது பிழை. பிழையைத் திருத்தினால் கருத்தும் ஆட்டம் காணும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

அந்த ஓசை டாம் மொரெல்லோவின் கிட்டாரிலிருந்து வருவது. குழுவில் இருந்தவர்கள் நான்கே பேர். பாடுவது சாக் டி லா ரோச்சா, கிட்டார் மொரெல்லோ, பேஸ் டிம் கமர்ஃபோர்ட், டிரம்ஸ் பிராட் வில்க். டிஜே என்று ஒருவர் கிடையாது. 1992-இல் வந்த முதல் ஆல்பத்தின் உறையில், சாம்பிள் (பிற பதிவுகளிலிருந்து வெட்டி எடுத்த ஒலி), கீபோர்டு, சிந்தசைசர் எதையும் பயன்படுத்தவில்லை என்று அச்சிட்டிருந்தார்கள். 1996 ஏப்ரல் 16-இல் வந்த ‘ஈவில் எம்பயர்’ உறையில் அந்தக் குறிப்பின் தொனி மாறியது: எல்லா ஒலிகளும் கிட்டார், பேஸ், டிரம்ஸ், குரல் ஆகியவற்றால் எழுப்பப்பட்டவை. முதலில் இல்லாதவற்றைப் பட்டியலிட்டவர்கள் அடுத்த ஆல்பத்தில் இருப்பவற்றைப் பட்டியலிட்டார்கள். ஆல்பத்துக்குள் நடந்த மாற்றமும் இதுவேதான்.

செய்முறை எளிது, கைக்கு வசப்படத்தான் நாளாகும். கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி வால்யூம் குமிழ், எந்தப் பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் மூன்று நிலை டாகிள் சுவிட்ச் ஒன்று. இந்த அமைப்புள்ள கிட்டார் வேண்டும். கழுத்துப் பக்கப் பிக்கப்பின் வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு, பிரிட்ஜ் (கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் கட்டை) பக்கத்தை முழுதாக ஏற்றி வைக்க வேண்டும். இப்போது சுவிட்ச் பிரிட்ஜ் பக்கம் நின்றால் ஒலி, கழுத்துப் பக்கம் போனால் அறவே மௌனம். வலக்கை சுவிட்சைத் தட்டிக்கொண்டிருக்க, இடக்கை பிக்கப்பின் மேலாகக் கம்பிகளை முன்னும் பின்னும் தேய்க்கிறது. தேய்ப்பு இசைத்தட்டின் அசைவு, சுவிட்ச் டிஜே ஒலியைத் திறந்து மூடும் கிராஸ்ஃபேடர். காலால் அழுத்தி ஒலியின் நிறத்தை மாற்றும் வா பெடலை ஓட்டினால் அந்தத் தேய்ப்பு வாய் திறந்து மூடுவதுபோல் நிறம் மாறும்.

இதை முயன்று பார்ப்பவர்கள் வழுக்கும் இடங்கள் உண்டு. பெரும்பாலான லெஸ் பால் வகைக் கிட்டார்களில் சுவிட்ச் நடுநிலையில் நின்றாலும் ஒலி வராது. இரண்டு பிக்கப்பும் இணைந்திருக்கும்போது ஒன்றின் வால்யூம் பூஜ்யமானால் மற்றதன் சிக்னலும் கூடவே தரை இணைப்புக்கு (எர்த்) இறங்கிவிடும். பழுதென்று நினைத்து இதைக் கடைக்கு எடுத்துப்போக வேண்டாம். லாபமே இதுதான். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தள்ளாமல் பாதித் தூரத்திலேயே மௌனம் கிடைப்பதால் வேகம் கூடுகிறது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் எல்லாப் பிக்கப்புக்கும் பொதுவாக ஒரே வால்யூம் குமிழ்தான், அதனால் இந்த வித்தை அதில் நடக்காது. அழுத்தும்போது மட்டும் இணையும் புஷ் பட்டன் ஒன்றை வாங்கி, கேபிள் செருகும் ஜாக்கின் சிக்னல் முனைக்கும் தரை முனைக்கும் இடையே இரண்டு வயர் வைத்துச் சால்டர் செய்தால் போதும். சிக்னல் வயரை நடுவில் வெட்டி அங்கே பட்டனைப் பொருத்துகிறவர்களுக்கு மௌனத்துக்குப் பதில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல்தான் கிடைக்கும். துண்டித்த வயர் ஆன்டெனாவாக மாறிச் சுற்றுப்புற மின்னிரைச்சலை உள்ளே இழுக்கும். சிக்னலைத் தரையோடு சேர்த்தால்தான் மௌனம் சுத்தமாக இருக்கும்.

தேய்ப்பதற்கு மெல்லிய மூன்று கம்பிகள் பயன்படாது. மேலே இன்னொரு கம்பி சுற்றிய தடித்த மூன்றில்தான் சொரசொரப்பு உண்டு. ஆம்ப்ளிஃபையரில் (ஆம்ப்) ஒலியைக் கரடுமுரடாக்கும் டிஸ்டார்ஷன் இல்லாவிட்டால் தேய்ப்பு காதிலேயே விழாது. அதை அளவுக்கு மீறி ஏற்றினால் விரலை எடுத்த மாத்திரத்தில் ஆம்ப் ஊளையிடும். பாதிக்குச் சற்று மேலே வைத்துக்கொண்டு, தேய்க்காத கம்பிகளை விரல்களால் அடக்கிக்கொள்வதே சரி. நாய்ஸ் கேட் பெடல் இருந்தால் அணைத்துவிட வேண்டும். அது இந்த உரசலை வேண்டாத இரைச்சல் என்று எண்ணி விழுங்கிவிடும். சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, அடிக்கு நான்கு தட்டு என்று சுவிட்சை மட்டும் முதலில் பழக வேண்டும். தட்டு சீராக விழுந்த பிறகுதான் தேய்ப்பு. இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால் இரண்டு கையும் ஒன்றையொன்று பின்பற்றும், எல்லாத் தட்டும் ஒரே மாதிரி விழும். நாளடைவில் சுவிட்ச் ‘கரகர’வென்றால் காண்டாக்ட் கிளீனரை உள்ளே அடித்துப் பத்திருபது முறை ஆட்டிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகாவிட்டால் சுவிட்சையே மாற்ற வேண்டியதுதான்.

இவ்வளவையும் விவரித்ததற்குக் காரணம், ஆல்பத்தின் அழகு இந்த மௌனத்தில் இருப்பதுதான். முதல் ஆல்பத்தில் கிட்டார் சுவர்போல் நிற்கிறது. ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு, மெல்ல ஏறி, உச்சத்தில் எல்லோரும் சேர்ந்து கத்துகிற இடத்துக்குக் கேட்பவரைக் கொண்டுசேர்க்கிறது. ‘ஈவில் எம்பயர்’ அந்த ஏற்றத்தைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. இங்கே கிட்டார் ஒரு தாளக் கருவி. எங்கே அடிக்கிறது என்பதற்குச் சமமாக எங்கே அடிக்காமல் விடுகிறது என்பதும் கணக்கில் வருகிறது. நம் தாள மொழியில் சொன்னால் கார்வை, நடுவே விடும் இடைவெளி. ‘புல்ஸ் ஆன் பரேட்’ பாட்டில் ராப் ஓடும் பகுதிகளில் கம்பிகளை அடக்கி வா பெடலோடு சுரண்டும் ‘சிக்கு சிக்கு’ ஒலியைக் கவனியுங்கள். ஸ்வரம் அநேகமாக இல்லை, நடை மட்டும் இருக்கிறது. அதனால்தான் பாடகரின் சொற்கள் எதிலும் முட்டாமல் ஓடுகின்றன. முதல் ஆல்பத்து எடைக்கல்லை இங்கே வைத்தால் தட்டு காலியாகத்தான் தெரியும்.

கிட்டார் விட்ட இடத்தைக் கமர்ஃபோர்டும் வில்க்கும் நிரப்பும் விதத்தை யாரும் பேசாதது பெரிய குறை. ‘டவுன் ரோடியோ’ பாட்டை ஒருமுறை பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டால் பாட்டைத் தூக்கி நிறுத்துவது யாரென்று தெரியும். வில்க்கின் ஸ்னேர் டிரம் அடி அவசரப்படுவதே இல்லை. பாடகர் எவ்வளவு கொதித்தாலும் அது தன் இடத்தில்தான் விழும்.

இந்தக் குழுவின் ரிஃப்களில் பல டிராப் டி சுருதியில் அமைந்தவை. தடித்த கம்பியை ஈ-யிலிருந்து ஒரு முழு ஸ்வரம் இறக்கி டி-க்குக் கொண்டுவந்தால் இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து அடிக்கும் பவர் கார்டை ஒரே விரலில் பிடிக்கலாம். வேகமான ரிஃப்களின் ரகசியத்தில் பாதி அதுதான். 9-42 என்ற தடிமன் எண்ணுள்ள மெல்லிய கம்பிகளில் இறக்கினால் தடித்த கம்பி தொய்ந்து, கழுத்திலுள்ள உலோகக் கோடுகளான ஃபிரெட்டில் அடித்துக்கொள்ளும், ஓங்கி அடிக்கும்போது சுருதியும் ஏறி இறங்கும். தடித்த பக்கம் 52 வரை உள்ள செட் போட்டால் இரண்டும் அடங்கும்.

விலை உயர்ந்த பெடல் வரிசை தேவை என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. மொரெல்லோவின் கருவிகள் இரகசியமல்ல: மார்ஷல் ஜேசிஎம்800 வகையின் 50 வாட் ஆம்ப் ஒன்று, வா, வாமி, டிலே, ஈக்வலைசர் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பெடல்கள். அதே சாமான்களைப் பல ஆண்டுகள் மாற்றாமல் வைத்துக்கொண்டு அவற்றுக்குள்ளேயே புதிய ஓசைகளைத் தோண்டியவர் அவர். வாமி வாங்குகிறவர்கள் அதை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைக்கட்டும். அது ஒலிக்கும் ஸ்வரத்தை அடையாளம் கண்டு மேலோ கீழோ தள்ளும் கருவி. கலங்கிய சிக்னலைக் கொடுத்தால் தடுமாறும்.

ஒலிப்பதிவு முதல் ஆல்பத்தின் அளவுக்கு இல்லை என்று சொல்லப்படும் குறையில் பாதியை ஒப்புக்கொள்ளலாம். முதல் ஆல்பத்தின் பதிவு அவ்வளவு தெளிவானது, ஸ்பீக்கர் சோதிக்கிறவர்கள் அதைப் பரீட்சை இசைத்தட்டாகவே வைத்திருக்கிறார்கள். பிரெண்டன் ஓ’பிரையன் குழுவோடு சேர்ந்து தயாரித்த இந்த இரண்டாவது ஆல்பம் வறண்டது, நெருக்கமானது. சின்ன அறையில் நால்வரும் கைக்கெட்டும் தூரத்தில் வாசிப்பதுபோல் இருக்கும். இடைவெளிகள் எதிரொலியால் நிரம்பிவிடாமல் இருக்க இந்த வறட்சி வேண்டும் என்பதே என் முடிவு. ஆனால் குரல் சற்று உள்ளே தள்ளிப் போயிருப்பது உண்மையான இழப்பு. டி லா ரோச்சாவின் வரிகள் முன்பைவிட அடர்த்தியாகிவிட்ட நேரத்தில் அவற்றைப் பிடிப்பதும் கடினமாகிவிட்டது. இரண்டு ஆல்பங்களையும் ஒப்பிட விரும்புகிறவர்கள் ஒலியளவைக் காதால் சமப்படுத்திக்கொண்டு கேட்க வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் சிறந்ததாகத் தோன்றி ஏமாற்றும். பேஸ் பூஸ்ட் போன்றவற்றை அணைத்துவிடுவது நல்லது. தாழ்ந்த ஒலிகள் நீண்டு இழுத்தால் இந்த ஆல்பத்தின் கார்வைகள் மூடிப்போகும்.

ரசிகன் என்பதால் எல்லாப் பாட்டையும் தூக்கிப் பிடிக்கத் தோன்றவில்லை. பதினொன்றில் ‘ரோல் ரைட்’ நினைவில் நிற்பதில்லை. ‘விண்ட் பிலோ’ ஒரு நிமிடம் குறைந்திருந்தால் இன்னும் கூர்மையாக இருந்திருக்கும். ‘ரிவால்வர்’ தொடக்கத்தில் பொறுமையைக் கேட்கிறது, கொடுத்தால் திருப்பித் தருகிறது. தொடக்கப் பாடலான ‘பீப்பிள் ஆஃப் த சன்’ இரண்டரை நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு நின்றுவிடும், ஒரு நொடி கூடுதலில்லை. ‘டயர் மீ’ பாட்டுக்கு 1997-இல் சிறந்த மெட்டல் இசைக்கான கிராமி கிடைத்தது. எனக்கு அது பங்க் வேகத்தில் ஓடும் பாட்டாகத்தான் கேட்கிறது.

வரிகளைப் பற்றிக் கட்டுரை “பொதுவான கோபம்” என்று எழுதியிருந்தது. இந்தக் கோபத்துக்கு முகவரி உண்டு. ‘தீய பேரரசு’ என்று பொருள்படும் தலைப்பே 1983-இல் அமெரிக்க அதிபர் ரொனால்டு ரீகன் சோவியத் யூனியனைச் சுட்டிச் சொன்ன தொடர். அதை எடுத்து அமெரிக்காவின் பக்கமே திருப்பிவிட்டார்கள். ‘பீப்பிள் ஆஃப் த சன்’ மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் 1994 ஜனவரி 1 அன்று கிளர்ந்தெழுந்த சபாட்டிஸ்டுகள் என்ற பழங்குடிக் கிளர்ச்சியாளர்களைப் பற்றியது. வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் அதே நாளில்தான். ‘வியட்நவ்’ அமெரிக்க வலதுசாரி வானொலிப் பேச்சாளர்களையும், ‘வித்தவுட் எ ஃபேஸ்’ அமெரிக்க-மெக்சிகோ எல்லையைக் கடக்கிறவர்களின் நிலையையும் எடுத்துக்கொள்கின்றன. ‘டவுன் ரோடியோ’ பெவர்லி ஹில்ஸின் ரோடியோ டிரைவ் என்ற பணக்காரத் தெருவின் பெயரைத் தாங்கியது. உறைக்குள் ஒரு புத்தகக் குவியலின் படமும் இருக்கிறது. எதைப் படித்துவிட்டு எழுதினார்கள் என்பதைக் கேட்பவர் முன்னால் விரித்து வைத்த ஆல்பத்தைப் பொதுவான கோபம் என்று தள்ளுவது நியாயமாகாது.

டிஜே பற்றிய வரிக்குத் திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். “அந்த ஓசை மொரெல்லோவின் கிட்டாரும் டாகிள் சுவிட்சும் எழுப்பியது” என்ற ஒரு வரி போதும். நகல் என்ற கருத்தை எழுதியவர் அப்படியே வைத்துக்கொள்ளட்டும். பாட்டு பாதி கடந்த பிறகு வரும் அந்தத் தேய்ப்பை ஹெட்ஃபோனில் ஒருமுறை, கிட்டார் என்று தெரிந்துகொண்டு, அவர் கேட்டால் நன்றி.

இப்படிக்கு,
தங்கள் இசைப் பக்கத்தைத் தவறாமல் படிக்கும் வாசகர்