வெளியே என்ன சத்தம் கேட்கிறது?

திருச்சி
மே 14

அன்புள்ள விஜயா,

உன் கடிதம் வந்தது. செல்விக்குப் பெண் குழந்தை என்று படித்ததும் இவரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். தாயும் சேயும் நலம் என்பது பெரிய நிம்மதி. ஆனால் பச்சை உடம்புக்காரி படுத்திருக்கும் அறையில், அதுவும் தூத்துக்குடிப் புழுக்கத்தில், ஏசி இந்த நேரம் பார்த்தா மக்கர் பண்ண வேண்டும்!

உள்ளே காற்று வருகிறது, வெளியே இருக்கும் அவுட்டோர் பெட்டி கிளம்பவில்லை, வந்த மெக்கானிக் பையன் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் "கேஸ் இறங்கிடுச்சு" என்று நாலாயிரம் கேட்டான் என்று எழுதியிருக்கிறாய். கொடுத்துவிடாதே. உன்னுடையது, வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வகை அல்லாத பழைய மாடல். அதில் குளிரூட்டும் கேஸ் குறைந்தால் அவுட்டோர் ஓடும், ஓடியும் அறை குளிராது. பைப்பில் பனி கட்டும், நட்டு ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். அடியோடு கிளம்பவே இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது கரண்ட் பக்கம். கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்ந்துபோக? எங்காவது ஒழுகினால்தான் குறையும். ஒழுகலை அடைக்காமல் நிரப்பிவிட்டுப் போகிறவன் அடுத்த கோடையிலும் வந்து நிற்பான்.

முக்கியமான ஒன்றை நீ எழுதவே இல்லையே. வெளியே என்ன சத்தம் கேட்கிறது? ஐடிஐயில் பையன்கள் டெஸ்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினால், "முதல்ல காதைத் தீட்டுடா" என்பேன். ஏசியைப் போட்டுவிட்டு அண்ணனை மொட்டை மாடியில் அவுட்டோர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்கச் சொல். அணைத்துப் போட்டால், கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர் உடனே எடுக்காது. மூன்று நிமிஷம்போலத் தாமதம் வைத்திருப்பார்கள். அதற்குள் ரிமோட்டை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டாம்.

ஃபேன் சுற்றுகிறது, கம்ப்ரசர் மட்டும் 'ம்ம்ம்' என்று உறுமிவிட்டு 'டக்'கென்று அடங்குகிறதா? அப்படியானால் பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான். அது போனால் கம்ப்ரசருக்குக் கிளம்பும் வேகம் கிடைக்காது. கரண்டை இழுத்துச் சூடேறும், ஓவர்லோடு என்கிற காப்பு சுவிட்ச் கரண்டை வெட்டிவிடும். சூடு ஆறினதும் இன்னொரு தரம் உறுமும், இன்னொரு தரம் அடங்கும். அலுமினிய டப்பா மாதிரி உருளையாக இருக்கும், கெட்டது சிலசமயம் தலை உப்பிக் காட்டிக்கொடுத்துவிடும். காட்டாமலும் ஏமாற்றும். போன மாதம் எதிர்வீட்டு ஒன்றரை டன் ஏசியிலிருந்து எடுத்த கெப்பாசிட்டரில் 45 மைக்ரோஃபாரட், 440 வோல்ட், கூடக்குறைய 5 சதவீதம் என்று அச்சடித்திருந்தது. தலையும் தட்டையாக, புதுசுபோல இருந்தது. மீட்டரில் வைத்தால் 27! சில நூறு ரூபாய்ச் சாமான், மாற்றினதும் ஓடிவிட்டது. வாங்கும்போது அதே மைக்ரோஃபாரட் இருக்க வேண்டும், வோல்ட் குறையக் கூடாது. அண்ணன் மட்டும் கை வைக்க வேண்டாம். மெயினை அணைத்த பிறகும் அதில் சார்ஜ் தங்கியிருக்கும், தூக்கி அடிக்கும்.

ஒன்று, விடியற்காலையில் ஒழுங்காகக் கிளம்பி, தெருவே ஏசி போடும் ராத்திரியில் மட்டும் உறுமினால், கெப்பாசிட்டரைக் குறை சொல்வதற்கு முன்னால் வோல்டேஜைப் பார்க்கச் சொல்.

கம்ப்ரசர் ஓடி ஃபேன் நின்றிருந்தால் உடனே அணைத்துவிடு. ஃபேனுக்கான சின்ன கெப்பாசிட்டரோ மோட்டாரோ போயிருக்கும்.

ஒரு சத்தமுமே இல்லையா? முதலில் ரிமோட்டில் பனிப்பூப் படம் இருக்கிறதா பார். குழந்தைக்குக் குளிருமே என்று யாராவது ஃபேன் மோடில் மாற்றியிருக்கலாம், அல்லது டெம்பரேச்சரை 30க்கு ஏற்றியிருக்கலாம். அதெல்லாம் சரி என்றால் அவுட்டோருக்குக் கரண்ட் போகவில்லை. உன் வீட்டில் எனக்கு முதல் சந்தேகம் அங்கே வயர் முடுக்கியிருக்கும் இடத்தின் மேல்தான். உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்து, லூஸாகி, ஸ்க்ரூவைச் சுற்றிக் கருகியிருக்கும். அணில் கடித்தும் வைக்கும். இங்கே நம்மூர் மெக்கானிக்குகள் பலர் சறுக்குவார்கள்: டெஸ்டர் எரிந்தால் "கரண்ட் வருது" என்று முடித்துவிடுவார்கள். கரண்ட் திரும்பும் நியூட்ரல் வயர் அறுந்திருந்தாலும் டெஸ்டர் எரியும். லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் மீட்டர் வைத்து 230 பக்கத்தில் காட்டுகிறதா என்று பார்க்கச் சொல். அங்கே வராமல், இன்டோரிலிருந்தே புறப்படவில்லை என்றால், போர்டில் சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் ரிலே போயிருக்கும். அதைச் சாலிடர் வைக்கத் தெரிந்தவர் மாற்றிக் கொடுப்பார், முழு போர்டும் வாங்க வேண்டியதில்லை.

ரேவதி கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்கே போய்விட்டாள், தெரியுமா? அங்கே இன்வெர்ட்டர் ஏசி. அவுட்டோர் போர்டில் பல்லி விழுந்து, அதுவும் செத்து போர்டும் செத்தது. அந்த மாடல்களை வீட்டு ஆட்கள் திறக்கவே கூடாது, உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். ரேவதி பல்லி விழுந்த பலனைப் பஞ்சாங்கத்தில் தேடிக்கொண்டிருக்கிறாள்.

என் முழங்கால் பரவாயில்லை, படி ஏறுவதுதான் பாடு. அண்ணன் கேட்ட சத்தத்தை எனக்குப் போனில் சொல், ஆறு மணிக்கு மேல் கூப்பிடு. அதுவரை செல்வியையும் குழந்தையையும் கிழக்குப் பார்த்த அறைக்கு மாற்றிவிடு, சாயங்காலக் கடல் காற்றாவது வரும்.

அன்புடன்,
மங்கை