விடுதியின் தடுப்புச் சுவர்கள்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமானதற்கு அந்தப் பழைய தொழிலாளர் விடுதிதான் காரணம். அதைப் படிப்பகமும் கூட்ட அரங்கும் கொண்ட பொதுக்கூடமாகச் சீரமைக்கும் குழுவில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இதுவரை நாங்கள் எதையும் கட்டவில்லை, உரித்தெடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய சுவர்களின்மேல் பின்னாளில் யாரோ சிமெண்டைப் பூசிவிட்டிருந்தார்கள். தரையிலிருந்து ஏறும் ஓதம் சுண்ணாம்புப் பூச்சின் வழியாக ஆவியாகி வெளியேறிவிடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவைப்பதால் உப்புப் பூத்து, செங்கல்லே மாவாக உதிர்கிறது. ஆகவே சிமெண்டை உளியால் மெல்லக் கொத்தி எடுத்துவிட்டு, மறுபடியும் சுண்ணாம்பையே பூசவிருக்கிறோம். காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் அது இறுக வேண்டும் என்பதால், ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே பொறுத்திருக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராத வேலை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெரிய வாக்குவாதம் தடுப்புச் சுவர்களைப் பற்றியது. சிறு அறைகளை எல்லாம் இடித்து ஒரே கூடமாக்கிவிடலாம் என்பது குழுவில் பலரது விருப்பம். பழம்பெரும் கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான பன்னாட்டு நெறிமுறையான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தை நான் எடுத்துக் காட்டினேன். பழைய கட்டடத்தைச் சமூகத்துக்குப் பயன்படும்படி புழங்குவது அதைக் காக்க உதவும் என்று சொல்கிற அதே ஐந்தாம் பிரிவு, அந்தப் பயன்பாடு கட்டடத்தின் உள்ளமைப்பை மாற்றிவிடக் கூடாது என்றும் சொல்கிறது. அமெரிக்காவின் லோவெல் நகரில், பருத்தி ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றைப் பண்பாட்டு மையமாக்கியபோது, அவர்களுடைய சமையலறையையும் உணவறையையும் படுக்கையறையையும் அக்காலத் தோற்றத்திலேயே அமைத்துக் காட்டினார்கள். சக்கர நாற்காலிக்காக வாசலை அகலப்படுத்துவதையும், தீப்பிடித்தால் தப்பிக்க இன்னொரு படிக்கட்டு சேர்ப்பதையும் நான் எதிர்க்கவில்லை. அறைகளின் நெருக்கத்தை அழிப்பதைத்தான் எதிர்த்தேன். அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றி அந்த நெருக்கத்தைவிடத் தெளிவாக எந்த அறிவிப்புப் பலகையும் சொல்லிவிடாது.

கடைசியில், முன்பக்க அறைகளைக் கூடமாக்கிக்கொண்டு, பின்பக்க அறைகள் இரண்டை அப்படியே விட்டுவைப்பதென்று முடிவாகியிருக்கிறது. எனக்கு அரை மனதுதான்.

அவற்றுள் ஒன்றில், உரித்த பூச்சுக்கு அடியில், சட்டை மாட்டும் மரமுளைகள் பன்னிரண்டு வரிசையாகத் தென்பட்டன. அந்த அறையிலோ ஆறு கட்டிலுக்கு மேல் போட இடமில்லை. பகல் முறைக்காரர் எழுந்த கட்டிலில் இரவு முறைக்காரர் வந்து படுத்திருப்பாரோ என்று ஐயுறுகிறேன். உங்கள் தந்தையார் ஆலை விடுதியில் இருந்தவர் அல்லவா? அவர் அப்படி ஏதேனும் சொல்லியிருந்தால் விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்